பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்

"திங்கட்கிழமை நீங்க சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன், மாரிசெல்வி," என்றார் ஜாய் மேடம்.

வேல்விழி போனைக் கை மாற்றிப் பிடித்தாள். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை மாலை நாலு மணியைத் தவிர வேறு எந்த நாளிலும் அவள் ஜாய் மேடத்திடம் பேசியதில்லை. திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவள் ஒரகடத்துக் கம்பெனியில் லைனில் நின்று, பெல்ட்டில் நகர்ந்து வந்த போர்டு ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமயா மேடம்?"

"ஆமா. கதவப் பத்திச் சொன்னீங்களே."

நெட்வொர்க் இழுத்தது. திரையில் ஜாய் மேடத்தின் முகம் வாய் பாதி திறந்தபடி நின்று, பிறகு மறுபடி அசைந்தது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் பேசுகிறவர், ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று வேல்விழி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "ம்ம்" என்றாள். ஆள் மாறாட்டத்தைப் பற்றி அவள் குறை சொல்லவும் முடியாது. அவள் மாரிசெல்வி இல்லை. மாரிசெல்வி செத்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

இது இப்படித்தான் தொடங்கியது. இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரே பாலிடெக்னிக், ஒரே காண்டிராக்டர், மண்ணூரில் ஒரே அறை. கொரோனா இரண்டாவது முறை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில் ஒருநாள், மாஸ்க்கும் தொப்பியும் கோட்டுமாக நின்றிருந்த மாரிசெல்வி மூச்சு முட்டுகிறது என்று எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு, லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் உட்கார்ந்து அழுதாள். கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. ஆன்லைனில் கவுன்சிலிங், பன்னிரண்டு செஷன், முழுசாக முடித்தால்தான் காண்டிராக்ட் நீளும் என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டது. மூன்றாவது வியாழக்கிழமையே ஓ.டி. விழுந்தது. ஓ.டி. வேண்டாம் என்றால் சூப்பர்வைசர் எபினேசர் பேரை எழுதுவார். செஷன் தவறினால் ஹெச்.ஆர். எழுதும். இதற்கெல்லாம் லைனில் ஒரு வழி உண்டு. பஸ்ஸை விட்டவளின் அட்டெண்டன்ஸ் கார்டை முந்தி வந்தவள் தட்டிவிடுவாள். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, கூட இருப்பவள் செய்ய வேண்டிய உதவி என்றுதான் நினைப்பார்கள்.

"ஏட்டி வேலு, கார்டு தட்டுத மாதிரிதான்," என்றாள் மாரிசெல்வி. "எம் போன்ல முன் கேமரா ஒடஞ்சு கெடக்கு. உன் மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது. ம்ம், ம்ம்னு சொல்லு, போதும்."

தெற்கத்திப் பேச்செல்லாம் ஜாய் மேடத்தின் காதுக்கு ஒன்றுதான் போலிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து எப்படித் தூங்கினீங்க?" வேல்விழிக்கு இருபத்து மூன்று வயது. அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ம்ம் சொல்ல உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் பேசினாள், கடைசியில் மூக்கைச் சிந்தினாள். அடுத்த வியாழக்கிழமை ஓ.டி. இல்லை. ஆனாலும், "நானே பேசுதேன்ட்டி," என்று வேல்விழி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எம் பைத்தியத்துக்கு நீ மருந்து குடிக்கியா?" என்று மாரிசெல்வி சிரித்தாள்.

ஜாய் மேடம் முதலிலேயே நாலு விஷயம் சொல்லியிருந்தார். இந்த மாதிரிப் பேச்சில் பாதியில் விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். போகாமல் நிலைக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் உட்காருங்கள், ஒரே நேரத்துக்கு உட்காருங்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். வேல்விழி அதைச் சாமி உத்தரவாக எடுத்துக்கொண்டாள். அடுப்பு மேடைக்குக் கீழே, பாயின் ஓரத்தில், எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீருடன் நாலு மணிக்கு உட்கார்ந்துவிடுவாள்.

மே இருபத்திரண்டாம் தேதி மாரிசெல்வி செத்தாள். காண்டிராக்டர் தன் லிஸ்டில் அவள் பெயரை அடித்தான். கவுன்சிலிங் லிஸ்ட் வேறு யாரிடமோ இருந்தது. அங்கே யாரும் அடிக்கவில்லை. உடம்பை வீட்டுக்குத் தரமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், அவளுடைய அப்பா இசக்கியப்பன் துணிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு போக வந்தார். தெருமுனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"கடசியா எதும் சொன்னாளா தாயி?"

"ஒண்ணும் சொல்லலப்பா. ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான் படுத்தா."

"அவ போனு?"

"ஆம்புலன்ஸ்ல தொலஞ்சிட்டுப்பா."

அப்போது போன் வேல்விழியின் இடுப்பில் இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அறைக்குத் தகரம் அடித்தார்கள். பதினாலு நாள் அவள் தனியாக உள்ளே கிடந்தாள். யாரோ சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தப் பதினாலு நாளில் அவளை ஒரு மனுஷியாக மதித்துப் பேசிய குரல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மாரிசெல்வி என்று கூப்பிட்டுத்தான் பேசியது. அதை எப்படி விடுவாள்?

"பத்து செஷன் ஆயிடுச்சு," என்றார் ஜாய் மேடம் இப்போது. "உங்க கம்பெனியில நாப்பத்தி மூணு பேரு சேர்ந்தாங்க. இன்னும் நிக்கறது நீங்க ஒருத்தர்தான், தெரியுமா?"

வேல்விழிக்கு முகம் மலர்ந்துவிட்டது. திங்கட்கிழமையை மறந்தே போனாள்.

செஷன் முடிந்து டம்ளரை எடுத்தபோதுதான் அது காலியாக இருப்பதைப் பார்த்தாள். தான் குடித்ததாக நினைவில்லை. சரி, குடித்திருப்போம் என்று கேனைச் சரித்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் புதுக் கேன் இறக்கினாள். இருபது லிட்டர் ஒருத்திக்கு எட்டு நாளைக்குக் காணும். தரையைத் தடவிப் பார்த்தாள், ஈரம் இல்லை. கேனில் ஓட்டையும் இல்லை.

போனை எடுத்துப் பார்த்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட் லாக்கரில்தான் போட வேண்டும் என்பதால், தன் போனை மட்டும் எடுத்துக்கொண்டு மாரிசெல்வியின் போனை அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது அவள் வழக்கம். திங்கட்கிழமை காலை பதினொரு மணி இரண்டு நிமிடத்துக்கு அதிலிருந்து கால் போயிருந்தது. ஒரு மணி ஏழு நிமிடம்.

புதுக் கேன் வாங்கப் பூட்டும் கையுமாக வெளியே வந்தபோது, வீட்டுக்கார அம்மா அன்னபுஷ்பம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வாடகைக்கு விட்ட ஆறு அறைக்கும் முன்னால் அவர் வீடு.

"ஏம்மா வேலு, திங்கக்கெழம உன் ரூம்ல யாரு பேசிக்கினு இருந்தது? வெளிய பூட்டு தொங்குது, உள்ள பொண்ணு கொரலு கேக்குது."

"ரேடியோ ஆன்ட்டி. நிறுத்த மறந்துட்டேன்."

"இன்னா ரேடியோ அது, தண்ணி தண்ணின்னுகினு?" அன்னபுஷ்பம் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "பூட்டு புச்சா வாங்கினேன்னு சொன்னியே. அன்னிக்குப் பாசி புடிச்சதையே மாட்டிக்கினு போயிருந்தியே?"

வேல்விழி கையில் இருந்த பூட்டைப் பார்த்தாள். புதுசு. பளபள என்றிருந்தது. பழைய பூட்டை, தகரம் எடுத்த அன்றைக்கே, பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஏரியில் தூக்கிப் போட்டிருந்தாள். அது முங்கும்வரை நின்று பார்த்தும் இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போனாள். மாரிசெல்வியின் போனை அணைத்து, கேட் லாக்கரில் வைத்து, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்குக் கை தன்னால் நின்றது. ஸ்க்ரூ முடுக்காத ஒரு போர்டு பெல்ட்டில் அவளைத் தாண்டிப் போனது. "இன்னாம்மா, தூக்கமா?" என்று எபினேசர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். இரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்தபோது போன் அணைந்தபடியே இருந்தது. ஆனால் தொட்டால் சுட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து அதை ஆன் செய்ததும் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. "இன்றைய செஷனுக்கு நன்றி மாரிசெல்வி. அழுதது நல்லதுதான். ஜாய்."

அறையைத் திறந்தாள். மண்ணூரில் ஜூன் மாத மத்தியான வெயில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே மொத்தமாக இறங்கியிருக்கும், எப்போதும் காந்தலும் சோப்பு வாசமுமாகத்தான் அறை எதிர்கொள்ளும். அன்று முதலில் வந்தது கபசுரக் குடிநீரின் கசப்பு வாசம், அதற்கு அடியில் பல நாள் வியர்த்த போர்வையின் புளித்த வாடை, அதற்கும் அடியில், காய்ச்சல்காரர்களின் வாயிலிருந்து வருமே, அந்தச் சூடான மூச்சு வாடை. சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போயிருந்த பாய் விரிந்து கிடந்தது. கதவின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நகத்தால் கீறிய கோடுகள் இருந்தன. அவற்றைத் தகரம் எடுத்த பிறகு அவளேதான் பெயிண்ட் வாங்கி மறைத்திருந்தாள். பெயிண்ட் உரிந்து தரையில் தூளாகக் கிடந்தது.

துடைப்பம் எடுத்துப் பெருக்கினாள். வேறு என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு உட்கார்ந்தாள். உட்காராமல் இருக்கத்தான் நினைத்தாள். மூன்றே முக்காலுக்குக் கை தன்பாட்டில் டம்ளரை நிரப்பியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றார் ஜாய் மேடம். "வியாழக்கிழமை பேசறப்ப நீங்க வேற மாதிரி இருக்கீங்க. திங்கட்கிழமைதான் மனசத் தொறக்கறீங்க. அந்த வேல்விழியப் பத்தி இன்னைக்குப் பேசுவோமா?"

தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று எத்தனை வாரம் ஆசைப்பட்டிருக்கிறாள். இப்படி இல்லை.

"அவளப் பத்தி... நான் என்ன சொன்னேன் மேடம்?"

ஜாய் மேடம் குனிந்து நோட்டைப் பார்த்தார். குரல் எப்போதும் போல இதமாகத்தான் இருந்தது.

"காய்ச்சலை வெளிய சொல்ல வேண்டாம்னு வேல்விழிதான் சொன்னாங்க. தெரிஞ்சா அவங்களுக்கும் பதினாலு நாள் லீவு ஆயிடும், கம்பெனி ரோல்ல நிரந்தரமா சேர்க்கறது போயிடும்னு. காய்ச்சல் சர்வே எடுக்க வர்ற பொம்பளைங்க பூட்டியிருந்தா தட்டமாட்டாங்க, ஷிப்ட் போயிருக்காங்கன்னு போயிடுவாங்க. அதனால வெளியில பூட்டிட்டுப் போனாங்க. மொத நாள் நீங்களும் சரின்னீங்க. மூணாவது நாள் கேன்ல தண்ணி இல்ல. வர்றப்ப வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு, ஓ.டி.க்கு நின்னுட்டாங்க."

வேல்விழி டம்ளரை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பத்தொன்பது தடவை கூப்பிட்டீங்க. ரெண்டு மணிக்கு அவங்க கேட் லாக்கருக்கு வந்து போனை எடுத்தாங்க. பத்தொன்பதையும் பாத்தாங்க. கை வேர்த்திருந்துச்சு, கோட்டுல தொடச்சுக்கிட்டாங்க. போனத் திரும்ப வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க."

அதை யாரும் பார்க்கவில்லை. லாக்கர் பக்கம் அன்று யாருமே இல்லை. கேமராகூட இல்லை. கோட்டில் கை துடைத்ததை அவளே மறந்துவிட்டிருந்தாள், இப்போது கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

மாலை ஆறரைக்கு வந்து பூட்டைத் திறந்தபோது கதவு உள்ளே போகவில்லை, ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. தள்ளித்தான் திறந்தாள். மாரிசெல்வியைப் பாய்க்கு இழுத்துப் போட்டு, விரல்களைத் துடைத்து, போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, விடிந்த பிறகுதான் கத்தினாள். கொடுமை அதோடு நிற்கவில்லை. மறுநாளே ஊரடங்கு என்று எல்லாக் கம்பெனியும் மூடிவிட்டார்கள். சம்பளத்தோடு லீவு. திறந்தபோது அவளை ரோலிலும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே நாள் பொறுத்திருந்தால் பூட்டவே வேண்டியிருக்காது.

"மேடம்," என்றாள். "அவ செஞ்சது தப்பா மேடம்? அவளும் பாவம்தான? ரெண்டு வருசமா ரோலுக்குக் காத்துக் கெடந்தா. இப்பிடி ஆவும்னு அவளுக்குத் தெரியாதுல்லா?"

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். ஜாய் மேடம் சொல்லிவிட்டால் போதும். உங்க மேல தப்பில்லை என்று எத்தனையோ தடவை எதற்கெல்லாமோ சொன்னவர், இதற்கும் ஒரு தடவை சொல்லிவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள்.

ஜாய் மேடம் நோட்டை மூடினார். "பாருங்க, வியாழக்கிழமைன்னா அவங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்க. திங்கட்கிழமை பேசற மாரிசெல்விதான் நிஜம்னு எனக்குத் தோணுது. யாரையும் மன்னிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லம்மா. அடுத்த வாரம் கடைசி செஷன். ஒரு நாற்காலி வெச்சுக்கோங்க. அதுல வேல்விழி உக்காந்திருக்கறதா நெனச்சுக்கிட்டு, அவங்ககிட்ட நேரா பேசப்போறீங்க."

அந்த ஒரு வாரம் வேல்விழி எப்படி வேலைக்குப் போனாள், எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஊருக்கு ஓடிவிடலாம் என்று பையைக்கூட எடுத்தாள். ஆனால் ஊரில் இசக்கியப்பன் இருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. மேடம், நான் வேல்விழி, இத்தனை நாளும் உங்களிடம் பேசியது நான்தான், என்னைத்தான் நீங்கள் விடாமல் வந்தவள் என்று பாராட்டினீர்கள், இப்போது என்னைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் கெட்டவளா? குளிக்கும்போது, பஸ்ஸில், லைனில், அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் அன்னபுஷ்பத்திடம் நாற்காலி கேட்டாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு நாலடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கோச்சிக்காதம்மா. திங்கக்கெழமையும் அதே சத்தம். கதவ பிராண்டுது. நான் பாஸ்டர வரச் சொல்லிக் கீறேன், ஞாயித்துக்கெழம வந்து ஜெபம் பண்ணுவாரு. அதுவரைக்கும் உன் ரூம்ல இன்னா சத்தம் கேட்டாலும் நான் எட்டிப் பாக்கமாட்டேன். காத மூடிக்கினு ஸ்தோத்திரம் சொல்லிக்குவேன். சொல்லிட்டேன்."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாற்காலியை அறையின் நடுவில் போட்டாள். புதுப் பூட்டையும் அதன் சாவியையும் அலமாரியில், கண்ணுக்கு நேராக வைத்தாள். டம்ளரை நிரப்பித் தரையில் வைத்தாள். போனை அடுப்பு மேடையில் கேன்மேல் சாய்த்து நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை. உட்கார்ந்தாள்.

ஜாய் மேடம் வந்தார். வந்ததும் சிரித்தார்.

"அட, கேமரா சரியாயிடுச்சா? இப்பத்தான் மொத மொதல்ல உங்க முகத்தப் பாக்கறேன் மாரிசெல்வி."

வேல்விழி வாயைத் திறந்தாள். ஜாய் மேடத்தின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கம், கீழே, தரையோடு தரையாக இருந்த எதையோ பார்த்தன. அங்கே பாய் விரிந்து கிடந்தது. அவள் விரிக்கவில்லை.

"ரொம்ப எளச்சுப்போயிருக்கீங்க," என்றார் ஜாய் மேடம் பாயைப் பார்த்து. "நாற்காலி போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம்."

பாயின் பக்கமிருந்து வந்தது குரல். வறண்ட குரல். ஒவ்வொரு சொல்லும் ஒட்டியிருந்த இடத்திலிருந்து உரிந்து வந்தது.

"மேடம்!" வேல்விழி எழப் பார்த்தாள். கால் அசையவில்லை. "மேடம், நான் வேல்விழி! நாந்தான் இத்தன நாளும் உங்ககிட்ட—"

"நாற்காலி எனக்குத் தெரியுது," என்றார் ஜாய் மேடம். "காலியாத்தான் இருக்கு. பரவால்ல. ஆளு இருக்கறதா நெனச்சுக்கோங்க. யாரு உக்காந்திருக்கா?"

"வேலு."

அப்போது வெளியே சத்தம் கேட்டது. கொண்டியில் இரும்பு உரசியது. பிறகு ஒரு சின்ன கிளிக். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. அந்தச் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அறிவாள். அலமாரியைப் பார்த்தாள். புதுப் பூட்டு அங்கேயே இருந்தது, சாவியோடு. கதவுக்குக் கீழே, இடுக்கு வழியாக, ஏரித் தண்ணீரின் பாசி வாடை வந்தது.

"அவங்களப் பாருங்க. என்ன தோணுது?"

"அவளுக்குத் தாகமா இருக்கு மேடம்."

சொன்ன மாத்திரத்தில் தாகம் வந்தது. வேல்விழியின் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. உதடு வெடித்தது. உடம்பு கொதித்தது. ஷீட்டின் வெக்கை முழுதும் அவள் மேலேயே இறங்கியது. தரையில் வைத்த டம்ளரைத் தேடினாள். டம்ளர் இல்லை.

"அவங்க பேசறதா இருந்தா இப்ப என்ன கேப்பாங்க?"

"தண்ணி கேப்பா."

"குடுப்பீங்களா?"

பாயில் அசைவு. நெடுநேரம்.

"இல்ல மேடம்."

"வெரி குட்," என்றார் ஜாய் மேடம், கண் கலங்க. "இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. உங்க மேல தப்பே இல்ல, மாரிசெல்வி."

திரை அணைந்தது. பன்னிரண்டும் முடிந்துவிட்டது.

காலுக்கு அசைவு வந்தது. வேல்விழி நாற்காலியிலிருந்து விழுந்தாள். கதவுக்கு ஊர்ந்தாள். இழுத்தாள். கொண்டி மட்டும் ஆடியது. ஆன்ட்டி என்று கத்தினாள், கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து வெளியே வந்தது ஒன்றுதான்.

"ம்ம்."

நகத்தால் கதவைப் பிராண்டினாள். பழைய கோடுகளின் மேலேயே விரல் போயிற்று. வெளியே அன்னபுஷ்பம் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

செருப்புச் சத்தம் வந்தது. இரண்டு பேர். காலையில் எல்லா அறையும் பூட்டிக் கிடக்கிறது என்று, காய்ச்சல் சர்வே எடுக்கும் பெண்கள் இப்போது சாயங்காலத்தில் வருகிறார்கள். அவள் கதவுக்கு நேரே நின்றார்கள். இடுக்கில் அவர்கள் கால் தெரிந்தது.

"ம்ம். ம்ம்."

"இங்க யாருக்கா?"

"பூட்டிக் கீது பாரு. ஷிப்ட் போயிருப்பாங்க. எழுதிக்கோ."

கதவில் சாக்பீஸ் கிறுக்கும் சத்தம். கால்கள் நகர்ந்தன. அடுத்த அறை. அதற்கடுத்த அறை. பிறகு சத்தமே இல்லை.

அவளுக்குப் பின்னால் யாரோ பாயைச் சுருட்டினார்கள். பொறுமையாக. மூலையில் வைத்தார்கள்.

வேல்விழி கன்னத்தைத் தரையில் வைத்து, நாலு விரலை இடுக்கு வழியாக வெளியே நீட்டினாள். வெயில் பட்டது. பிறகு ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. எவர்சில்வர். விளிம்பு வழிய நிறைந்து, வெளிப்பக்கம் முழுக்க வியர்த்து, வாசல்படியில் அவளுடைய டம்ளர். விரல் அதன் அடியைத் தொட்டது. இழுத்தாள். டம்ளர் கதவில் வந்து முட்டி நின்றது. இடுக்கு இரண்டு விரல் உயரம்தான்.